பண்ணாடி வளர்த்த பாவனை

ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்துவிட்டால் கொழிஞ்சாம்பாறையில் யாரும் நிழலை நம்பி உட்கார மாட்டார்கள். பஸ் நிற்கும் இடத்தில் இருந்த புளியமரத்தின் நிழலைக் காற்று பத்தடி கிழக்கே தள்ளிவிட்டுப் போகும். சாயங்காலம் காற்று ஓய்ந்ததும் நாலு பேர் சேர்ந்து இழுத்துப் பழைய இடத்தில் போடுவோம். மரம் அப்புசாமிப் பண்ணாடியுடையது. அவருக்கு நிலக்கடலைக் காடு அறுபது ஏக்கர், தென்னந்தோப்பு இரண்டு, அபிப்பிராயங்கள் கணக்கில்லை. மரம் தன்னுடையது என்றால் நிழலும் தன்னுடையதுதான் என்பது அவற்றில் ஒன்று.

அந்த நிழலில் ஐசும்மா அவல் இடித்து விற்றுக்கொண்டிருந்தாள். உரல் தரையில் புதைத்தது, அவளுடைய மாமனார் காலத்தது. புருஷன் மொய்து போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு மூட்டை தூக்கப் போனவன், ஆறு வருஷமாக வந்துகொண்டே இருக்கிறான். அந்த உரலை நம்பி இருந்தவர்கள் மூன்று பேர்: அவள், காது கேட்காத மாமியார், ஓர் ஆடு. பொள்ளாச்சி பஸ் அங்கே நிற்பதால்தான் அவல் விற்றது. உரலை வேறு தெருவில் நட்டால் அவளும் ஆடும் மட்டும்தான் அவலைத் தின்னவேண்டும்.

கேரளம் பிறந்து எட்டு மாதம் ஆகியிருந்தபோது எங்கள் வாசகசாலைக்கு மலையாளத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. வாசகசாலை என் பொறுப்பில் இருந்தது. மூன்று புத்தகங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றைக் கரையான் வாசித்து முடித்திருந்தது. தாலூக்கா கலா சமிதி என்று ஒன்று புதிதாக ஏற்பட்டிருப்பதாகவும், ஜனங்களிடையே 'பாவனா விகசனம்' உண்டாக்குவது அதன் லட்சியம் என்றும், மூன்று மாதம் கழித்து ஓர் அதிகாரி வந்து ஊரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பாராட்டுப் பத்திரம் கொடுப்பார் என்றும் எழுதியிருந்தது. அந்த ஒருவரின் பெயரை வாசகசாலையின் புதுக் கட்டிடத்தில் கல்லில் வெட்டுவார்களாம்.

மலையாளத்தில் பாவன என்றால் கற்பனை, விகசனம் என்றால் வளர்ச்சி. தமிழில் பாவனை என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். அப்புசாமிப் பண்ணாடி பொள்ளாச்சியில் படித்தவர். மலையாள எழுத்தைக் கண்டால் சர்க்கரை வியாதிக்காரன் ஜிலேபியைக் கண்டதுபோல் வேறு பக்கம் தள்ளி வைப்பார். ஆகவே நான்தான் படித்துச் சொன்னேன். எழுதியிருந்த சொல்லை எழுதியிருந்தபடியே சொன்னேன். என் மேல் குற்றம் கிடையாது.

"பாவனைய வளர்க்கோணுமா?" என்றார் பண்ணாடி. "சர்க்காரே சொல்லுதா?"

"முத்திரை போட்டிருக்குதுங்க."

"அப்படீன்னா கவிராயன் மாதிரி, பாட்டுக்காரன் மாதிரி பாவனை பண்ணோணும். அதுல நல்லாப் பண்றவனுக்குப் பத்திரம். அவ்வளவுதானே ராவுத்தரே?"

அவருடைய காரியஸ்தன் ஆறுச்சாமி பக்கத்திலேயே நின்றான். "உங்களுக்கு அது தனியா வளர்க்கோணுமாங்க? பொறப்புலயே வந்ததுங்களே," என்றான்.

பண்ணாடி சந்தோஷப்பட்டார். ஆறுச்சாமியும் அதை மனசாரத்தான் சொன்னான். வித்தியாசத்தை என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் பழக்கம் எங்கள் வாசகசாலையில் இல்லை.

பாவனை வளரத் தினசரிப் பழக்கங்களும் தோதான சூழ்நிலையும் வேண்டும் என்று சுற்றறிக்கை சொன்னது. பண்ணாடி மறுநாளே ஆரம்பித்தார்.

விடிவதற்கு முன்பு, நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்பது முதல் பழக்கம். பண்ணாடி எட்டு மணிக்கு எழுகிறவர். அதை மாற்றுவது கஷ்டம் என்பதால் வீட்டுக் கடிகாரத்தை நாலு மணி பின்னால் தள்ளி வைத்தார்கள். இதனால் ஊரில் மூன்று மாதம் தினமும் இரண்டு விடியல் நடந்தது. கோழிகள் முதல் விடியலுக்குக் கூவிவிட்டு இரண்டாவதற்கும் கூவவேண்டி வந்ததால் முட்டை குறைந்தது.

தனியாக நடந்து இயற்கையைப் பார்க்கவேண்டும் என்பது அடுத்தது. பண்ணாடி தனியாக நடப்பதற்கு நாலு பேர் தேவைப்பட்டார்கள். ஒருவன் குடை பிடிக்க, ஒருவன் நாற்காலி தூக்க, ஒருவன் நாய் விரட்ட. நாலாவது ஆள் ஆறுச்சாமி. அவன் முன்னால் போய், "வழி விடுங்க, பண்ணாடி தனியாப் போறாரு!" என்று கத்துவான்.

தினமும் ஒரு பக்கம் எழுதவேண்டும் என்று இருந்தது. கோயமுத்தூரிலிருந்து தோல் அட்டை போட்ட நோட்டு வந்தது, ஊதா மை வந்தது. முதல் நாள் பண்ணாடி ஒரு பக்கத்தின் உச்சியில் "ஓ" என்று எழுதினார். பாட்டு அப்படித்தான் ஆரம்பிக்கும் என்று அவருக்கு உறுதியாகத் தெரியும். அதற்குப் பிறகு என்ன வரும் என்று காத்திருந்தார். பகல் சாப்பாடு வந்தது. மறுநாள் புதுப் பக்கத்தில் மறுபடி "ஓ".

ஊக்கம் தருகிற சிநேகிதர்கள் வேண்டும் என்றும், தப்பைச் சுட்டிச் சிரிக்கிறவர்கள் கூடாது என்றும் ஒரு வரி. அதற்கும் ஆறுச்சாமிதான். பண்ணாடி பேனாவைத் திறந்தால் "ஆகா" என்பான். மூடினால் இன்னும் பலமாக "ஆகா" என்பான். பழக்கம் முற்றிப்போய், கொட்டாவி விட்டாலும் அவன் வாயிலிருந்து ஆகா வர ஆரம்பித்தது. அவன் பெண்டாட்டி குழம்பில் உப்பு இல்லை என்பதை மூன்று மாதமாகத் தெரிந்துகொள்ளவே இல்லை.

கடைசியாக அமைதி. சந்தைக்குப் போகும் வண்டி மாடுகளின் கழுத்து மணியில் பஞ்சு அடைக்கச் சொன்னார் பண்ணாடி. மணிச்சத்தம் கேட்காத மாடுகள் தாங்கள் நடக்கவில்லை என்று எண்ணிக்கொண்டு அங்கங்கே நின்றுவிட்டன. வேலந்தாவளம் வரைக்கும் கடலை வண்டிகள் வரிசையாக நின்றதை நானே போய்ப் பார்த்தேன். பஞ்சை எடுக்கும்படி ஆயிற்று. அடக்குவதற்கு மிச்சம் இருந்த சத்தம் ஐசும்மாவின் உலக்கை மட்டும்தான்.

அந்த உலக்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐசும்மா உண்மையிலேயே நாலு மணிக்கு எழுவாள். எழாவிட்டால் ஊறிய நெல் புளித்துவிடும். நெல்லை வறுத்துச் சூட்டோடு உரலில் போட்டு இடிப்பாள். இடிக்கும்போது கை ஒரு வேலை செய்யும், வாய் ஒரு வேலை செய்யும். வாயின் வேலை, மொய்து இன்றைக்கு எங்கே இருக்கிறான் என்று சொல்வது.

"ஏம்புள்ள, உன்ற ஊட்டுக்காரன் இன்னிக்கு எங்க?" என்று பஸ் டிரைவர் பெரியமுத்து கேட்பான். தினமும் கேட்பான்.

"போடிமெட்டுல மூடுபனிங்ணா. கெட்டிப் பனி. இவரு மூட்டையப் பனி மேல சாச்சு வெச்சுட்டு டீ குடிக்கப் போயிருக்காரு. வெயில் வந்து பனி கலைஞ்சுபோச்சு. மூட்டை அந்தப் பக்கம் போடிக்கே உருண்டுருச்சு. அத எடுக்கக் கீழ எறங்கிட்டிருக்காரு."

"நேத்து மேல ஏறறான்னு சொன்னே?"

"அது மூட்டைய எடுத்தப்பறமுங்ணா. நேத்து நடந்தது நாளைக்குத்தான் தெரியும், அங்க தபால் அவ்வளவு தாமசம்."

சொன்னதையே திரும்பச் சொல்லமாட்டாள். ஆறு வருஷத்தில் மொய்துவை யானை ஒன்று தபால்பெட்டியோடு தூக்கிப்போனது, தேயிலைத் தொழிற்சாலையில் வாசனை பார்க்கும் துரைக்கு ஜலதோஷம் பிடித்ததால் இவன் மூக்கை வாடகைக்கு எடுத்தார்கள், மலை உச்சியில் தும்மி மூன்று நாள் எதிரொலிக்குப் பதில் சொல்லிக்கொண்டு நின்றான். ஆள் ஓடிப்போய்விட்டான் என்று மட்டும் அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. பஸ் ஐந்து நிமிஷம் நிற்கவேண்டிய இடத்தில் இருபது நிமிஷம் நிற்கும். யாரும் வேண்டாத கேள்வி கேட்டு அவளைத் திருத்தமாட்டார்கள். அவலும் விற்கும். பழக்கம், சூழ்நிலை, ஊக்கம் என்று சுற்றறிக்கை எழுதிய மகான் இவளைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அவருக்குச் சம்பளம் வாங்க வெட்கமாக இருந்திருக்கும்.

அதிகாரி வருவதற்குப் பத்து நாள் முன்னால் பண்ணாடி, நாலு பேருடன் தனியாக, உரலுக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏம்புள்ள ஐசும்மா, வர்ற வியாழக்கெழமைக்கு அடுத்த வியாழன் அதிகாரி வர்றாரு. அது வரைக்கும் நான் எந்திரிக்கற வேளையில இடிக்காத."

"எந்த விடியலுக்குங்க பண்ணாடி? மொதல் விடியலா, ரெண்டாவதா?"

பண்ணாடி அதைக் காதில் வாங்கவில்லை. "பத்திரம் வாங்குன மறுநாள் உரலையும் தோண்டி எடுத்துரு. இந்த எடத்துல மண்டபம் கட்டப்போறேன். நான் உக்காந்து பாட்டு வாசிக்க."

ஐசும்மாவின் உலக்கை நின்றது. "இது பொறம்போக்குங்களே."

"மண்ணு பொறம்போக்கு. நெழலு யாருது?"

"காத்தடிச்சா நெழலு ராவுத்தர் வாசகசாலைக்குப் போயிருதுங்க. அப்ப அதுவும் உங்குளுதா?"

"அத அப்பறம் பாத்துக்கறேன். வெள்ளிக்கெழமை காலம்பற ரெண்டு ஆளு கடப்பாறையோட வருவாங்க."

"ஆகா," என்றான் ஆறுச்சாமி.

அன்று மத்தியானம் அவள் வாசகசாலைக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று, "ஏனுங்ணா, அந்தக் காயிதத்த ஒருக்கா படிங்க," என்றாள். மலையாளத்தில்தான் படித்தேன். அர்த்தம் சொல்லட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றாள். பஸ்ஸில் வருகிறவர்களில் பாதிப் பேர் பாலக்காட்டுக்காரர்கள், அவர்களிடம் ஆறு வருஷமாக அவல் விற்கிறவள். 'பாவனா' என்ற இடத்தையும் அடியில் இருந்த நிபந்தனையையும் மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். பிறகு, "சாட்சின்னு ஏதோ போட்டிருந்துதே?" என்றாள்.

"விண்ணப்பக்காரனுக்குச் சொந்தமில்லாத ஒரு ஆளு, இவருக்கு பாவனா உண்டுன்னு அதிகாரிகிட்டச் சொல்லோணும்."

"ஓ," என்றாள். பண்ணாடி எண்பது பக்கத்தில் எழுதியதை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை அதிகாரி ஜீப்பில் வந்தார். பத்து மணிக்கு வருவதாக எழுதியவர் பத்து மணிக்கே வந்துவிட்டார். பண்ணாடி வீட்டில் அப்போது காலை ஆறு. அவர் கவிராயருக்கான உடையில் இருந்தார், ஆனால் பாதிதான் இருந்தார். மேல்துண்டை எந்தத் தோளில் போட்டால் பாட்டு வரும் என்று கண்ணாடி முன்னால் பார்த்துக்கொண்டிருப்பதாக ஆறுச்சாமி ஓடிவந்து சொன்னான். அதிகாரி பாலக்காட்டிலிருந்து வெறும் வயிற்றோடு புறப்பட்டவர். வறுத்த நெல் வாசனை அவரைப் பிடித்து உரலுக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டது. நான் கூட இருந்தேன். ஐசும்மா இலையில் அவலும் வெல்லமும் தேங்காய்த் துருவலும் வைத்தாள்.

ஒரு இலை முடிந்ததும் அவர் காகிதங்களை மடியில் விரித்துக்கொண்டார். எழுத்தைப் படித்துத் தேர்ந்தெடுக்க அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இதை அவர் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. அதற்குத்தான் சாட்சி.

"இவிடெ நல்ல பாவனயுள்ளது ஆர்க்காணு?" என்று ஐசும்மாவைக் கேட்டார். இங்கே யாருக்கு நல்ல கற்பனை இருக்கிறது என்று கேள்வி.

நான் அவளைப் பார்த்தேன். உண்மையான பதில் அவள்தான். ஒரே ஒரு தரம் மொய்துவைப் பற்றி எடுத்துவிட்டிருந்தால் அதிகாரி ஜீப்பை மறந்திருப்பார். பத்திரமும் கல்லில் பெயரும் அவளுக்கு வந்திருக்கும், மறுநாள் கடப்பாறையும் வந்திருக்கும். அவள் தமிழில் பதில் சொன்னாள்.

"பாவனைங்களா? அதுல எங்க அப்புசாமிப் பண்ணாடிய அடிச்சுக்க இந்தத் தாலூக்காவுலயே ஆள் கெடையாதுங்க. விடிஞ்சா பாவனை, நடந்தா பாவனை, உக்காந்தா பாவனை. மூணு மாசமா அவரு மூச்சு விடறதே பாவனைதானுங்க."

அதிகாரி புருவத்தை உயர்த்திக்கொண்டு எழுதினார். ஆறுச்சாமி நெஞ்சை நிமிர்த்தி, "ஆகா" என்றான். ஒரே சொல்லைக் கேட்டு மூன்று பேர் மூன்று விதமாகத் திருப்திப்பட்டதை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை.

அடுத்த கேள்வி கொஞ்சம் கடினமான மலையாளம். நான் அவளுக்குச் சொன்னேன்: "அவரு பாவனை வளர்றதுக்கு எந்தச் சூழ்நெலை தோதா இருந்துதுன்னு கேக்கறாரு."

ஐசும்மா உலக்கையைத் தூக்கி உரலில் இரண்டு குத்துக் குத்தினாள். "இதுதானுங்க."

"இதோ?" என்று அதிகாரி உரலை எட்டிப்பார்த்தார்.

"இந்த ஒரலுந்தான், இந்த எடமுந்தான். நான் இங்க இடிச்சா நாலு பேரு கூடுவாங்க. நாலு பேரு பாத்தாத்தானுங்க அவருக்குப் பாவனை வரும். ஆளில்லாத காட்டுல அவரு பாவனை பண்ணி யாராச்சும் பாத்திருக்கோமா? உலக்கை நின்னா கூட்டம் போயிரும். கூட்டம் போனா அவரு வெறும் ஆளுங்க."

இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. வாழ்நாளில் ஐசும்மா அந்த உரலருகே உண்மை பேசியது அன்றைக்கு மட்டும்தான். நான் மலையாளத்தில் அப்படியே பெயர்த்துச் சொன்னேன். உழைக்கிறவர்களின் தாளத்தைக் கேட்டு, மக்கள் மத்தியில் வளர்ந்த பாவனா என்று அதிகாரி தானாகவே இரண்டு வரி கூட்டி எழுதிக்கொண்டார். அவருக்கும் கொஞ்சம் கற்பனை இருந்தது. இன்னொரு இலை அவல் வாங்கிக்கொண்டார்.

பண்ணாடி வீட்டில், தென்னை ஓலைக் கூரை போட்ட அமைதி அறையில், பண்ணாடி கன்னத்தில் கை வைத்து மோட்டுவளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நாங்கள் நுழைந்ததும் திடுக்கிட்டதுபோல் செய்தார். நன்றாகவே செய்தார். அதிகாரி தோல் நோட்டைத் திறந்தார். ஒரு பக்கம் திருப்பினார். இன்னொரு பக்கம். எல்லாவற்றிலும் உச்சியில் ஒரே ஊதா எழுத்து.

"இது எந்தா?" என்று என்னைக் கேட்டார்.

"ஓ," என்றேன்.

"ஓ?"

"ஓ."

"ஓ..." என்று தலையை ஆட்டினார். அப்புசாமிப் பண்ணாடியின் கவிதையை ஒருவர் வாய்விட்டு முழுதாகப் படித்தது அப்போதுதான்.

அங்கேயே பத்திரத்தில் பெயரும் சூழ்நிலையும் எழுதி, முத்திரை குத்தி, பண்ணாடி கையில் கொடுத்தார். கதவருகே கடப்பாறை ஆட்கள் இருவரும் கைதட்டினார்கள். மறுநாள் வேலைக்கு முன்பணமாகக் காப்பி குடிக்க வந்தவர்கள். ஜீப் போனதும் பண்ணாடி பத்திரத்தை என்னிடம் நீட்டினார். "படிங்க ராவுத்தரே. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

படித்தேன். பெயர் வந்தது. பாவனா வந்தது. ஆறுச்சாமியின் ஆகா வந்தது. கீழே சின்ன எழுத்தில், சுற்றறிக்கையின் அடியில் இருந்த அதே நிபந்தனை இருந்தது. இப்பேர்ப்பட்ட பாவனைக்கு ஆதாரமான சூழ்நிலையை எவ்வித மாற்றமும் இல்லாமல் பாதுகாக்கவேண்டும், வருஷம் ஒருமுறை அதிகாரி முன்னறிவிப்பின்றி வந்து பார்ப்பார், மாறியிருந்தால் பத்திரம் ரத்தாகி, கல்லில் வெட்டிய பெயர் கொத்தி எடுக்கப்படும்.

"சூழ்நெலைன்னா? கடிகாரமா? குடையா?" என்றார் பண்ணாடி.

"ஒரலுங்க," என்றேன். "ஐசும்மா, அவ உலக்கை, அந்த எடம். மூணையும் பேர் சொல்லி எழுதியிருக்காரு."

பண்ணாடி பத்திரத்தை வாங்கித் தலைகீழாகப் பார்த்தார், நேராகப் பார்த்தார். ஜிலேபி இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தது. கடப்பாறை ஆட்கள், "அப்ப நாளைக்கு வரோணுமுங்களா?" என்று கேட்டார்கள். அன்றைக்கு மட்டும் ஆறுச்சாமிக்கு எங்கே ஆகா சொல்வது என்று தெரியவில்லை.

கல்லில் பெயர் வெட்டினார்கள். மண்டபம் வரவில்லை. உரல் இருந்தது. மொய்து அந்த வருஷம் மூணாற்றில் ஒரு மேகத்துக்குள் வழி தவறி, மழை பெய்தால்தான் இறங்கமுடியும் என்ற நிலையில் இருந்தான். பெரியமுத்து மழைக்காலம் எப்போது என்று தினமும் விசாரித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஆடியில் ஐசும்மா, அத்தைமகள் ரம்லாவின் கல்யாணத்துக்காகப் பொள்ளாச்சி போயிருந்தாள். அன்று பார்த்து கோபாலபுரம் சோதனைச்சாவடிப் பக்கம் ஜீப் ஒன்று வருவதாக யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்று இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. நான் சொன்னதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு, அதை நான் மறுத்ததில்லை.

பண்ணாடி வீட்டிலிருந்து ஓடி வந்தார். கடிகாரம் பார்க்கவில்லை, குடை இல்லை, நிஜமாகவே தனியாக வந்தார். உரலில் கிடந்த நெல்லைப் பார்த்தார், உலக்கையைப் பார்த்தார், எடுத்து இடிக்க ஆரம்பித்தார். கூட்டம் கூடிவிட்டது. ஜீப் எங்களைத் தாண்டிச் சித்தூர் போய்விட்டது. அது மருந்து அடிக்கும் மலேரியாக்காரர்களின் ஜீப். அது தெரியாமல் அவர் சாயங்கால பஸ் வரும்வரை இடித்தார். கை கொப்பளித்துவிட்டது.

பஸ்ஸிலிருந்து ஐசும்மா இறங்கினாள். கூட்டம் விலகியது. பண்ணாடி உலக்கையைப் பிடித்தபடி மூச்சு வாங்க நின்றார். அறுபது ஏக்கரும் தோல் நோட்டும் ஊதா மையும் இருந்தும் அவர் வாழ்க்கையில் தன் கையால் உண்டாக்கிய பொருள் ஒன்று உண்டென்றால் அது அந்த உரலுக்குள்தான் இருந்தது. வறுக்காத நெல், உமி, தவிடு, நடுவில் ஊதா மைப் பேனாவின் மூடி ஒன்று.

ஐசும்மா ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். ஊதினாள். பாதி கணவாய்க் காற்றோடு போயிற்று.

"எப்படி இருக்குது?" என்றார் பண்ணாடி. கேள்வியில் பாவனையே இல்லை. அவருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"குத்தம் சொல்ல முடியாதுங்க பண்ணாடி," என்றாள் அவள். "அவல் மாதிரியே பாவனை பண்ணுதுங்க."